வெள்ளித்திரையில் நம் பிள்ளைகள்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு விழாக் குழுவினர் பணித்தனர். பழவேற்காட்டின் வரலாறு என்றால் 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர் எழுப்பிய கோட்டையைப் பற்றியும், அவர்தம் கல்லறைகளைப் பற்றியுமே பலரும் எழுதுவர். யான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. திரைப்படங்களில் குழந்தை நட்சத்திரங்கள் நடித்த நெஞ்சை விட்டு அகலாத வேடங்கள் பற்றியது இக்கட்டுரை. கல்விச் சங்கத்தின் மலரில் சினிமாவுக்கு என்ன இடம் என்று பெரியோர் வினவக்கூடும். அதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன்.

அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்களைத் திரையிடும் திட்டத்தைப் பள்ளிக்கல்வித் துறை 2022ஆம் ஆண்டில் தொடங்கியது. அதனையொட்டி எங்கள் பள்ளியில் ஒருநாள் 'காக்கா முட்டை' படத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டினோம். இரண்டு மணி நேரமும் சிரிப்பொலியும் கைதட்டலுமாக இருந்த கூடம், உணவகத்தின் வாயிலில் அச்சிறுவன் அறைபட்ட இடத்தில் மட்டும் ஓசையின்றி அடங்கிவிட்டது. படம் முடிந்து எல்லோரும் எழுந்த பின்னர், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "சார், அந்த ரெண்டு அண்ணனுங்களும் இப்போ ஸ்கூலுக்குப் போறாங்களா?" என்று கேட்டாள். நடிப்பைப் பற்றியோ கதையைப் பற்றியோ அவள் கேட்கவில்லை. அவள் கேள்விக்கு அன்று என்னால் முழுமையாக விடை கூற இயலவில்லை. இக்கட்டுரை அதற்கான முயற்சியே ஆகும்.

நாடக மேடையில் பாலர்

தமிழகத்தில் குழந்தைகள் நடிக்க வந்தது திரைப்படத்தால் அன்று; அதற்கு முன்பே பாலர் நாடக சபைகள் இருந்தன. தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். டி. கே. எஸ். சகோதரர்கள் அங்குப் பயின்றவர்களே. இத்தகைய குழுக்களில் சேர்ந்த சிறுவர்களிற் பலர் கலையார்வத்தால் மட்டும் வந்தவர்கள் அல்லர். வீட்டில் அடுப்பெரியாமையால் வந்தவர்கள். தந்தையை இழந்த எம். ஜி. இராமச்சந்திரனும் அவர்தம் தமையனார் சக்கரபாணியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்ததும் வறுமையினால்தான். நாள்தோறும் உணவு கிடைக்கும் என்பதே அக்காலத்தில் பிள்ளையை நாடகக் கம்பெனிக்கு அனுப்பப் போதுமான காரணமாயிருந்தது.

பசியால் பள்ளியை இழந்த அச்சிறுவர் பிற்காலத்தில் முதலமைச்சராகி, 1982ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியதை நாம் அறிவோம். 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தின் வளர்ச்சியே அது. பள்ளியில் சோறு கிடைத்ததனால்தான் ஏரிக்கரைப் பிள்ளைகள் பலர் பள்ளிக்கு வந்தனர். பசிக்கும் நடிப்பிற்கும் படிப்பிற்கும் உள்ள உறவு நம் நாட்டில் இவ்வாறு தொடக்க முதலே பின்னிக் கிடக்கிறது.

சேரிக்குள் வந்த பேபி சரோஜா

பேசும் படம் தமிழில் தோன்றிய ஆறே ஆண்டுகளில், 1937இல், இயக்குநர் கே. சுப்பிரமணியம் 'பாலயோகினி' என்னும் படத்தை அளித்தார். அவருடைய தமையன் தம்பியர் குடும்பத்துக் குழந்தையான பேபி சரோஜா அதில் நடித்தாள். அமெரிக்காவின் ஷெர்லி டெம்பிளுக்கு ஒப்பாக அவளைப் புகழ்ந்தனர். தமிழ்நாட்டில் பலர் தம் பெண் மகவுகளுக்குச் சரோஜா என்று பெயரிட்டது அப்படத்திற்குப் பின்னரே. ஆதரவின்றிச் சுற்றத்தாரால் விரட்டப்பட்ட பிராமணக் குடும்பத்தினர், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த வேலைக்காரரின் இல்லத்தில் அடைக்கலம் புகுவதும், அதனைப் பொறாத ஊரார் வெகுண்டெழுவதும் அப்படத்தின் கதை. பெரியோர் வாயடைத்து நிற்குமாறு நியாயம் பேசும் பொறுப்பு அக்குழந்தையிடம் கொடுக்கப்பட்டது.

அடுத்து 1939இல் கல்கியின் கதையில் 'தியாகபூமி' வந்தது. புயலில் வீடிழந்த அரிசன மக்களுக்கு இடமளித்தமைக்காகச் சம்பு சாஸ்திரி தம் சமூகத்தாரால் விலக்கப்படுகிறார். பின்னர்ச் சென்னையை அடுத்த ஒரு குப்பத்தில் வாழ்ந்து, பேத்தி சாருவை வளர்க்கிறார். சாருவாக நடித்தவளும் பேபி சரோஜாவே. விடுதலைப் போராட்டக் கருத்துகளுக்காக ஆங்கில அரசு அப்படத்தைத் தடை செய்தது.

தீண்டாமையை எதிர்த்துக் குரல் கொடுத்த இவ்விரு படங்களையும் நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும். ஆலயக் கதவுகள் நமக்கு அடைத்திருந்த காலத்தில் அவை வந்தன. ஆயினும் ஒன்றைக் கருதிப் பார்க்க வேண்டும். குப்பத்தில் வளர்ந்தாலும் சாரு குப்பத்துப் பிள்ளை அல்லள், சாஸ்திரியாரின் பேத்தி, செல்வச் சீமாட்டியாகித் திரும்பிவரும் உமாராணியின் மகள். அவளைச் சுற்றிலும் இருந்த குப்பத்துப் பிள்ளைகளில் ஒருவர் பெயரையும் நாம் நினைவில் வைத்திருக்கவில்லை.

பிறப்பு வெளிப்படும் கதைகள்

விடுதலைக்குப் பின் வந்த படங்களிலும் இவ்வழக்கம் தொடர்ந்தது. 1957இல் 'யார் பையன்' படத்தில் சிறுமி டெய்சி இரானி சிறுவனாக நடித்துப் புகழ் பெற்றாள். படத்தின் பெயரே அக்காலக் கதைகளின் மையக் கேள்வியைச் சொல்லிவிடுகிறது. 1960இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் ஏ.வி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட 'களத்தூர் கண்ணம்மா' படத்தில் ஐந்து வயதுச் சிறுவன் கமலஹாசன், செல்வம் என்னும் அநாதைச் சிறுவனாகத் தோன்றினான். தாயையும் தந்தையையும் அறியாத பிள்ளையின் ஏக்கத்தை, கண்களாலும் இடறி இடறி வரும் மழலைச் சொற்களாலும் அவன் காட்டிய விதம் இன்றும் நெஞ்சை உருக்குகிறது. குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கமும் அவனுக்குக் கிடைத்தது.

1965இல் வந்த 'குழந்தையும் தெய்வமும்' படத்தில் குட்டி பத்மினி இரட்டைக் குழந்தைகளாக இரு வேடங்களில் நடித்தாள். பிரிந்த பெற்றோரைக் குழந்தைகள் ஒன்று சேர்க்கும் அக்கதை, எரிக் கேஸ்ட்னர் என்னும் செருமானிய எழுத்தாளரின் நாவலினின்றும் ஆங்கிலப் படத்தின் வழியாகத் தமிழுக்கு வந்ததாகும். 1969இல் 'துணைவன்' படத்தில் முருகப் பெருமானாகத் தோன்றிய சிறுமி ஸ்ரீதேவி, 1971இல் 'பாபு' படத்தில் கை ரிக்‌ஷா இழுக்கும் சிவாஜி கணேசனின் அன்புக்குரிய குழந்தையாக மக்கள் மனத்தில் இடம் பெற்றாள். 1990இல் மணிரத்னத்தின் 'அஞ்சலி' படத்தில் பேபி ஷாமிலி பேச்சு ஏதுமின்றிப் பார்வையாலேயே நடித்தாள். தேசிய விருதும் அவளைத் தேடி வந்தது.

இந்நடிப்புகளின் சிறப்பைக் குறைத்துக் கூறுவது என் நோக்கம் அன்று. ஆனால் களத்தூர் கண்ணம்மாவின் செல்வத்தை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அவன் துயர் எவ்வாறு தீர்கிறது? அவன் ஜமீன்தார் வீட்டு வாரிசு என்று தெரியவருவதனால் தீர்கிறது. சாருவின் துயரும் செல்வத் தாயை அடைவதனால் தீர்கிறது. துன்புறும் குழந்தை உண்மையில் பெரிய இடத்துப் பிள்ளை என்று வெளிப்பட்டதும் அரங்கில் கைதட்டல் எழுகிறது. அந்த அநாதை இல்லத்தில் செல்வத்தோடு உண்டு உறங்கிய ஏனைய பிள்ளைகளின் பிறப்பு வெளிப்படவில்லை. வெளிப்பட்டாலும் அவர்களை அழைத்துச் செல்ல மாளிகையிலிருந்து யாரும் வரப்போவதில்லை. நம் பிள்ளைகள் அந்த ஏனைய பிள்ளைகளே. பிறப்பு வெளிப்பட்டால் துயர் தீருவது சிலருக்கு. பிறப்பு வெளிப்பட்டால் துயர் தொடங்குவது நமக்கு.

நம் பிள்ளைகள் வந்தனர்

இவ்வழக்கம் இந்த நூற்றாண்டில்தான் மாறத் தொடங்கியது. 2001இல் சிவசங்கரியின் கதையை ஜானகி விஸ்வநாதன் 'குட்டி' என்ற பெயரில் படமாக்கினார். மண்பாண்டம் செய்யும் குடும்பத்துச் சிறுமி, நகரத்து வீட்டிற்கு வேலைக்கு அனுப்பப்படும் கதை அது. அச்சிறுமியாக நடித்த பி. சுவேதா தேசிய விருது பெற்றாள். அவளைக் காக்க எந்த மாளிகையும் திறக்கவில்லை.

2015இல் திரைக்கு வந்த 'காக்கா முட்டை', எம். மணிகண்டன் இயக்கியது. அண்ணன் தம்பியராக நடித்த விக்னேஷ், ரமேஷ் இருவரும் நடிப்புப் பயிற்சி பெறாத, சென்னைக் குப்பத்துச் சிறுவர்கள். தந்தை சிறையில், பள்ளியை விட்டுவிட்ட பிள்ளைகள் இருப்புப் பாதையோரம் சிதறிக் கிடக்கும் நிலக்கரி பொறுக்கி விற்கின்றனர். அவர்கள் விளையாடிய இடத்தில் பீட்சா கடை எழுகிறது. ஏறத்தாழ 300 ரூபாய் விலையுள்ள அவ்வுணவைச் சுவைக்க அவர்கள் பாடுபட்டுப் பணம் சேர்க்கின்றனர். நல்ல ஆடையும் உடுத்திக்கொண்டு வருகின்றனர். பணமும் உண்டு, ஆடையும் உண்டு. ஆயினும் வாயிலில் அறை விழுகிறது. ஏன் விழுந்தது என்று படம் விளக்கவில்லை. எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படவும் இல்லை. அந்த அறைக்குப் பின் மூத்தவன் முகத்தில் அழுகை இல்லை, வெட்கம் இருந்தது. அடித்தவன் படவேண்டிய வெட்கத்தை அடிபட்டவன் படும் கொடுமையை, எந்த ஆசிரியரும் கற்பிக்காமலே அச்சிறுவன் நடித்துக் காட்டினான். அவ்விருவருக்கும் சிறந்த குழந்தை நட்சத்திரத்திற்கான தேசிய விருது வழங்கப்பெற்றது.

இதற்கு முந்தைய ஆண்டு அவ்விருதினை இருவர் பகிர்ந்துகொண்டனர். ஒருத்தி, இராமின் 'தங்க மீன்கள்' படத்தில் தனியார் பள்ளியின் கட்டணத்திற்கும் கண்டிப்பிற்கும் இடையே வாடும் செல்லம்மாவாக நடித்த சாதனா. மற்றவர், மராத்தி மொழியில் நாகராஜ் மஞ்சுளே இயக்கிய 'ஃபன்ட்ரி' படத்தில் நடித்த சோம்நாத் அவ்கடே என்னும் கிராமத்துச் சிறுவர். ஃபன்ட்ரி என்றால் பன்றி. பள்ளியில் படிக்கும் தலித் சிறுவன் ஜப்யா, ஊராரின் கேலிக்கிடையே தன் குடும்பத்தாரோடு பன்றி பிடிக்க நேர்கிறது. பள்ளியிலிருந்து நாட்டுப்பண் கேட்டதும், துரத்திய பன்றி ஓடிப்போவதையும் பொருட்படுத்தாமல் அக்குடும்பம் அசையாது நிற்கிறது. பிடித்த பன்றியைச் சுமந்து செல்கையில், பள்ளிச் சுவரில் அண்ணல் அம்பேத்கரின் உருவம் அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இறுதியில் ஜப்யா எறியும் கல், திரையைக் கடந்து பார்ப்போரை நோக்கியே வருகிறது.

2024இல் மாரி செல்வராஜ் தம் இளமை வாழ்வையே 'வாழை' என்னும் படமாக்கினார். விடுமுறை நாட்களில் வாழைத்தார் சுமக்கும் சிவனைந்தானாகப் பொன்வேல் என்னும் சிறுவர் நடித்தார். கழுத்து நோகச் சுமை, மனமோ பள்ளியில். ஒருநாள் சுமைக்குச் செல்லாமல் நடனப் பயிற்சிக்காகப் பள்ளிக்கு ஓடிவிடுகிறான். அன்றுதான் தார் ஏற்றிய லாரி கவிழ்ந்து அக்காள் உள்ளிட்டோர் மடிகின்றனர். பசியோடு வீடு திரும்பிய சிறுவன், பிணங்கள் கிடக்கும் ஊரில் சோற்றுப் பானையைத் தேடும் காட்சியைக் கண்ட எவரும் மறக்க மாட்டார். இறால் பருவத்தில் வகுப்பறையின் பின் வரிசைகள் காலியாவதைக் கண்டு பழகிய எமக்கு, சிவனைந்தான் அயலான் அல்லன்.

விளக்கு அணைந்த பின்னர்

இனி அம்மாணவியின் கேள்விக்கு வருவோம். படம் முடிந்த பின் நடித்த பிள்ளையின் நிலை யாது?

1921இல் சார்லி சாப்ளினுடன் 'தி கிட்' படத்தில் நடித்து உலகப் புகழ் பெற்ற ஜாக்கி கூகன், வளர்ந்த பின், தான் ஈட்டிய பெரும் பொருளைத் தாயும் மாற்றாந்தந்தையும் செலவழித்துவிட்டதை அறிந்து, 1938இல் வழக்குத் தொடுத்தார். அதன் விளைவாக 1939இல் கலிபோர்னியா மாநிலம் குழந்தை நடிகரின் வருவாயைக் காக்கச் சட்டம் இயற்றியது. நம் நாட்டில் 1988இல் மீரா நாயரின் 'சலாம் பாம்பே' படத்தில் தெருவோரச் சிறுவனாக நடித்துத் தேசிய விருது பெற்ற ஷஃபீக் சையத், உண்மையிலேயே பம்பாய்த் தெருக்களில் வாழ்ந்தவர். படம் உலகெங்கும் பாராட்டுப் பெற்றது. அவரோ பின்னர்ப் பெங்களூரில் ஆட்டோ ஓட்டிப் பிழைத்தார். உழைத்து வாழ்வதில் இழிவு ஏதுமில்லை. ஆனால் விருது கொடுத்த கைகள் அவருக்குப் புத்தகமும் கொடுத்திருக்கலாம்.

இன்று நம் நாட்டிலும் விதிகள் உள்ளன. 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்து, கலைத்துறைக்கு நிபந்தனைகளோடு விலக்கு அளித்தது. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, குழந்தையை நாளொன்றுக்கு 5 மணி நேரத்திற்கு மேல் நடிக்க வைத்தல் கூடாது. ஓய்வின்றி 3 மணி நேரத்திற்கு மேல் ஆகாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் ஆகாது. மாவட்ட நடுவரான ஆட்சியரின் அனுமதி வேண்டும். படிப்பு தடைப்படாதிருக்க ஏற்பாடு வேண்டும். வருவாயில் நூற்றுக்கு 20 பங்கையேனும் குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்பாக இட வேண்டும். நம் பெற்றோர் இவற்றை அறிந்திருத்தல் நலம். படப்பிடிப்புக் குழுவினர் நம் ஏரிக்கரைக்கு வந்து பிள்ளையை அழைத்தால், மகிழ்ச்சியோடு அனுப்புங்கள். ஆனால் இவ்விதிகளைக் கேட்டு அறிந்த பின் அனுப்புங்கள்.

நம் ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. மீன் வளம் மிக்க இடங்களில் வலையிடும் உரிமை, உரிமை பெற்ற ஊராரிடையே முறைவைத்துச் சுழன்று வரும். அம்முறையில் பங்கில்லாத நம் மக்கள் கரையோரச் சேற்றில் கையால் தடவி இறால் பிடித்தனர். திரையிலும் நெடுங்காலம் நமக்குப் பாடு இல்லாதிருந்தது. நம் துயர் மட்டும் அங்கே இருந்தது, நாம் இல்லை. இப்போது நம் பிள்ளைகளின் முகங்களும் அங்கே தோன்றத் தொடங்கியுள்ளன. திரையில் கிடைக்கும் பாடு ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். எவரும் பறிக்க இயலாத பாடு கல்வி ஒன்றே. அதனை நம் பிள்ளைகளுக்குப் பெற்றுத் தரவே இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் உழைத்து வருகிறது.

அம்மாணவிக்கு இன்று நான் கூறும் விடை இதுதான்: "அந்த அண்ணன்மார் பள்ளிக்குப் போக வேண்டும், அம்மா. நீயும் ஒருநாள் விடாமல் வர வேண்டும். நாளை நம் கதையை எழுதுபவளாகவும், படமாக்குபவளாகவும் நீயே இருத்தல் வேண்டும்." வாழ்க நம் பிள்ளைகள்! வளர்க நம் கல்விச் சங்கம்!