கூடாரப் பண்டிகை: மேசியா விசுவாசிகளும் திருவிதாங்கூர் மரபும்

எபிரேயத்தில் சுக்கோத் எனப்படும் கூடாரப் பண்டிகை, யூத நாட்காட்டியின் திஷ்ரி மாதம் 15ஆம் நாள் தொடங்கி ஏழு நாள் நடக்கும் அறுவடைத் திருவிழா. எட்டாம் நாள் தனியொரு பரிசுத்த நாளாக அதை ஒட்டி வரும். பஸ்கா, வாரங்களின் பண்டிகை ஆகியவற்றுக்குப் பின், எருசலேமுக்கு யாத்திரை போய் ஆசரிக்க வேண்டிய மூன்று பெருவிழாக்களில் இது கடைசி. இயேசுவை யேசுவா என்ற பெயராலேயே அழைத்து அவரை இஸ்ரவேலின் மேசியாவாக ஏற்ற யூதரும், அவர்களைப் பின்பற்றி யூதப் பண்டிகைகளை ஆசரிக்கும் பிற இனத்தாரும் மேசியா விசுவாசிகள் எனப்படுகின்றனர். இப்பண்டிகைக்குக் குடில், அறுப்பு என இரண்டு கூறுகள் உண்டு. திருவனந்தபுரம் வட்டாரக் கிறிஸ்தவத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு சபைகளிடம் பிரிந்து கிடக்கின்றன. மேசியா விசுவாசிகளின் வாசிப்பு அவற்றை மறுபடி ஒன்றாக்குகிறது.

வேத அடிப்படை

லேவியராகமம் 23 விதிக்கும் ஆசரிப்பு எளிமையானது. நிலத்தின் பலனைச் சேர்த்து முடித்ததும் ஏழு நாள் குடிலில் தங்க வேண்டும். எகிப்திலிருந்து புறப்பட்ட முன்னோர் வனாந்தரத்தில் அப்படித்தான் குடியிருந்தார்கள் என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும். களஞ்சியம் நிறைந்திருக்கும் வாரத்தில் வீட்டை விட்டு வெளியேறச் சொல்லும் கட்டளை இது. உபாகமம் 16 இன்னும் ஒரு படி மேலே போகிறது. அடிமை, அந்நியன், திக்கற்றவன், விதவை ஆகியோரும் வீட்டாரோடு சேர்ந்து மகிழ வேண்டும் என்கிறது.

குடிலின் கூரை மண்ணில் விளைந்த தழையால் ஆனதாக இருக்க வேண்டும். வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும். ஆனாலும் இடைவெளியில் விண்மீன் தெரிவது நல்லது. மழை பெய்தால் எப்போது எழுந்து வீட்டுக்குள் போகலாம் என்ற கேள்விக்கு, கிண்ணத்திலுள்ள கூழ் கெட்டுப்போகும் அளவுக்கு நனைந்தால் போகலாம் என்று யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா அளவு சொல்கிறது. கடாரநாரத்தைக் கனி, விரியாத பேரீச்சங்குருத்து, நறுமணமுள்ள மிர்ட்டல் தழை, ஆற்றோர அலரிக் கிளை ஆகிய நான்கையும் கையில் பிடித்து ஆறு திசைகளிலும் அசைப்பர். பிரசங்கி நூல் வாசிக்கப்படும்.

எருசலேம் தேவாலயம் இருந்த காலத்தில் இரண்டு சடங்குகள் மக்களைப் பெரிதும் ஈர்த்தன. சீலோவாம் குளத்திலிருந்து பொற்குடத்தில் மொண்டுவந்த தண்ணீரை ஆசாரியர் பலிபீடத்தில் ஊற்றுவார். இரவில் பெண்கள் முற்றத்தில் மாபெரும் விளக்குகள் எரியும். ஆசாரியரின் நைந்த ஆடைகளைக் கிழித்துத் திரித்த திரிகள் அவற்றில் இடப்படும்.

மேசியா விசுவாசிகள் காணும் பொருள்

லேவியராகமம் 23இன் ஏழு பண்டிகைகளையும் இவர்கள் இரு தொகுதிகளாகப் பிரிப்பர். பஸ்கா, புளிப்பில்லா அப்பம், முதற்பலன், வாரங்களின் பண்டிகை ஆகிய நான்கும் வசந்தகாலத்துக்கு உரியவை. மேசியாவின் மரணம், அடக்கம், உயிர்த்தெழுதல், ஆவியின் வருகை என்று முதல் வருகையில் நிறைவேறிவிட்டவை. எக்காளம், பாவநிவாரணம், கூடாரம் ஆகிய மூன்றும் இலையுதிர்காலத்தவை. இரண்டாம் வருகைக்காகக் காத்திருப்பவை. இந்த வகைப்பாடு பிரதரன், பெந்தெகொஸ்தே மேடைகளில் நெடுங்காலமாகப் போதிக்கப்படுவது. ஆகவே தென் கேரள விசுவாசிக்கு மேசியா இயக்கத்தின் போதனை அந்நியமாகத் தோன்றுவதில்லை. அவருக்குப் புதிதாக இருப்பது ஆசரிப்பு மட்டுமே.

யோவான் சுவிசேஷமே இவர்களின் முதன்மை ஆதாரம். வார்த்தை மாம்சமாகி மனிதரிடையே வாசம்பண்ணியதாக அதன் முதல் அதிகாரம் கூறும் இடத்தில், மூலச்சொல் கூடாரமிடுதலைக் குறிப்பது. ஏழாம் அதிகாரத்தில் பண்டிகையின் கடைசி நாளில் இயேசு எழுந்து நின்று, தாகமுள்ளவன் தம்மிடம் வரட்டும் என்கிறார். எட்டாம் அதிகாரத்தில் தம்மை உலகத்தின் ஒளி என்கிறார். தண்ணீரும் விளக்கும் வெறும் உவமைகள் அல்ல, அந்த வாரத்தில் கேட்டவர்கள் கண்ணெதிரே கண்டவை என்பது இவர்களின் வாதம். அது வலுவான வாதமும்கூட. லூக்கா முதல் அதிகாரம் சொல்லும் அபியா என்னும் ஆசாரிய வகுப்பின் பணிமுறையை வைத்துக் கணக்கிட்டு, இயேசு பிறந்ததே இப்பண்டிகையில்தான் என்பாரும் உண்டு. அக்கணக்கு பல ஊகங்களின் மேல் நிற்பதால் இங்கு விரிக்கப்படவில்லை.

யூதரல்லாதோர் ஏன் ஆசரிக்க வேண்டும் என்பதற்குச் சகரியா 14 காட்டப்படுகிறது. சகல ஜாதிகளிலும் மீந்திருப்போர் ஆண்டுதோறும் எருசலேமுக்கு வந்து கூடாரப் பண்டிகையை ஆசரிப்பர், வராத வம்சத்துக்கு மழை இல்லை என்கிறது அந்த அதிகாரம். எண்ணாகமம் 29இன்படி ஏழு நாளில் பலியாகும் காளைகள் முதல் நாள் 13இல் தொடங்கி நாளுக்கு ஒன்றாகக் குறைந்து மொத்தம் 70 ஆகின்றன. உலகின் 70 ஜாதிகளுக்காக என்று யூத ரபிகள் சொன்ன விளக்கத்தை மேசியா விசுவாசிகளும் எடுத்துக்கொண்டனர். முதற்பலனின் அறுப்பு இஸ்ரவேலிலும், கடைசிச் சேர்ப்பு உலகெங்கும் என்பது இதன் சாரம். பிற இனத்தார்மேல் பாரமான சுமை வைக்க வேண்டாம் என்ற அப்போஸ்தலர் 15இன் தீர்மானம் இருப்பதால், யூதரல்லாதோருக்கு இது அழைப்பே அன்றிக் கட்டளை அன்று. பண்டிகைகளை வரப்போகிறவற்றின் நிழல் என்னும் கொலோசெயர் 2ஐக் காட்டி, நிழலை ஏன் பிடிக்க வேண்டும் என்று பழைய சபைகள் கேட்பதுண்டு.

வேணாட்டிலும் கொச்சியிலும்

இப்பகுதியில் எபிரேய எழுத்தின் பழைய சான்று, திருவனந்தபுரத்துக்கு வடக்கே கொல்லத்தில் கிடைக்கிறது. பிற்காலத்தில் திருவிதாங்கூராக விரிந்த வேணாட்டின் ஆட்சியாளர் அய்யனடிகள் திருவடிகள், சேரமன்னர் தாணு ரவியின் காலத்தில், ஏறத்தாழ 849இல், தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவக் கோயிலுக்கு நிலமும் உரிமைகளும் வழங்கினார். அச்செப்பேட்டின் சாட்சிகள் கூபி அரபியிலும், பகலவியிலும், எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்திலும் கையொப்பமிட்டுள்ளனர். கிறிஸ்தவக் கோயிலின் தானத்துக்கு யூதர் சாட்சி! மேசியா விசுவாசிகள் இதை விரும்பி எடுத்துச் சொல்வதில் வியப்பில்லை. ஆயினும் அது வணிகக் குழுக்களின் உறவைக் காட்டுவதே அன்றி வழிபாட்டு உறவை அல்ல. 12ஆம் நூற்றாண்டில் துதேலா நகரத்துப் பென்யமின் எழுதிய பயணநூலும் கொல்லத்து மிளகையும், மோசேயின் சட்டம் அறிந்த கறுப்பு யூதரையும் குறிப்பிடுகிறது.

கூடாரப் பண்டிகை இந்தக் கடற்கரையில் முழு அழகோடு நடந்தது கொச்சியில். 1568இல் கட்டப்பட்ட மட்டாஞ்சேரிப் பரதேசி ஜெபாலயத்திலும் பிற ஜெபாலயங்களிலும், பண்டிகையின் முடிவில் வரும் தோரா மகிழ்ச்சித் திருநாள் தனிச்சிறப்புடையது. அன்றைக்கென்று தற்காலிகப் பேழை ஒன்று கட்டப்படும். உறைகளில் பொதிந்த தோராச் சுருள்கள் அதில் வைக்கப்படும். பிற்பகலில் அவற்றை வெளியே எடுத்து, பாடலோடு ஜெபாலயத்தைச் சுற்றி வருவர். விழா முடிந்ததும் பேழையைப் பிரித்துவிடுவர். வெளியே சுற்றி வரும் இவ்வழக்கம் பிற நாட்டு யூதரிடம் இல்லாதது. கேரளக் கோயில் எழுந்தருளிப்பின் சாயல் அதில் தெளிவாகவே தெரிகிறது. பெண்களுக்கு மலையாளத்திலேயே தனிப் பாடல்கள் இருந்தன. 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் ஜெபாலயத்தின் உட்கூடு இன்று எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

குடிலும் அறுப்பும் பிரிந்த கதை

சிரியன் மரபுச் சபையினர் ஆகஸ்ட் 6ஆம் நாள் மறுரூபத் திருநாளைக் கூடாரப் பெருநாள் என்றும் அழைப்பர். மலைமேல் மூன்று கூடாரம் போடுவோம் என்று பேதுரு சொன்னதே அதன் அடிப்படை. ஆக, குடில் அங்கே போயிற்று. அறுப்பு அதில் இல்லை.

அறுப்பு இலண்டன் மிஷன் சபைகளுக்கு வந்தது. அந்த மிஷனின் போதகர் ரிங்கல்தவுபே 1806இல் திருவிதாங்கூர் வந்து மயிலாடியில் பணி தொடங்கினார். திருவனந்தபுரத்தில் 1838இல் ஜான் காக்ஸ் மிஷன் நிலையம் அமைத்தார். பின்னர் அங்கு பணியாற்றிய சாமுவேல் மட்டீரின் நினைவாகப் பாளையத்தில் 1906இல் எழுந்த ஆலயம் இன்றும் நகரின் அடையாளங்களில் ஒன்று. இங்கிலாந்தில் 1843இல் கார்ன்வால் போதகர் ஹாக்கர் தொடங்கிவைத்த ஆலய அறுவடை ஆராதனை, மிஷனரிகள் வழியே இங்கும் அறுப்பின் பண்டிகையாக வேர்விட்டது. நாஞ்சில் நாட்டுக் கன்னிப்பூ அறுவடையும் திஷ்ரி மாதமும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் வருகின்றன. ஆனாலும் அறுப்பின் பண்டிகையின் தேதி யூத நாட்காட்டியைப் பார்த்து வைக்கப்படுவதில்லை.

அன்று ஆலயத்தின் முன்புறம் நேந்திரன் குலை, மரச்சீனிக் கிழங்கு, தேங்காய், சேனை, கால் கட்டிய சேவல், முட்டை, வீட்டில் சுட்ட பலகாரம் என்று குவியும். ஆராதனை முடிந்ததும் ஏலம். எடுத்தவரே பொருளைத் திரும்பக் காணிக்கையாக வைக்க, ஒரே குலை மறுபடியும் ஏலத்துக்கு வரும். கடையில் சில ரூபாய் பெறும் ஓர் எலுமிச்சை, இரண்டு குடும்பங்களின் வீம்பில் நூறுகளைத் தாண்டும். சபைக் கணக்கருக்கு அது நல்ல நாள். விதவையும் அந்நியனும் அந்தக் குவியலில் எங்கே என்று உபாகமத்தைப் படித்தவர் கேட்டால், கேள்வி நியாயமானதே.

இரண்டையும் ஓரளவு இணைத்தவர் பக்த்சிங். 1903இல் பஞ்சாபின் சீக்கியக் குடும்பத்தில் பிறந்த அவர், 1941இல் சென்னையில் ‘பரிசுத்த சபைகூடுதல்’ என்ற பெருங்கூட்டத்தைத் தொடங்கினார். லேவியராகமம் 23இன் பண்டிகைகளே அதற்கு மாதிரி. வந்தவர்கள் பந்தல்களில் தங்கினர்; சாதி பாராமல் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து உண்டனர். மேசியா இயக்கத்தோடு அவருக்குத் தொடர்பு இல்லை. ஆனால் உபாகமம் 16ஐ இந்திய மண்ணில் நேராக எடுத்துக்கொண்டது அவருடைய பந்திதான்.

இயக்கமும் இன்றைய நிலையும்

மேசியா இயக்கத்தின் வேர் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உள்ளது. அமெரிக்காவில் 1915இல் அமைந்த எபிரேய கிறிஸ்தவக் கூட்டணி 1975இல் மேசியா யூதக் கூட்டணி எனப் பெயர் மாற்றிக்கொண்டது. இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 1989இல் மேசியா யூதருக்குத் தாயகம் திரும்பும் சட்டத்தின்கீழ் குடியுரிமை கோரும் தகுதி இல்லை எனத் தீர்ப்பளித்தது. 1980இல் எருசலேமில் நிறுவப்பட்ட சர்வதேச கிறிஸ்தவத் தூதரகம் ஆண்டுதோறும் நடத்தும் கூடாரப் பண்டிகை விழாவில் பல நாட்டு யூதரல்லாத விசுவாசிகள் பங்கேற்கின்றனர். திருவனந்தபுரத்தில் குடில் கட்ட நினைப்பவருக்கு ஓலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பண்டிகை பெரும்பாலும் துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வாரங்களில் வருவதால், கூழ்க் கிண்ணம் பற்றிய மிஷ்னா விதி இங்கே அடிக்கடி தேவைப்படும்.