தூளி, டோலி, ஹேமக்

எங்கள் குப்பம் ஆந்திராவின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. ஒரு பக்கம் தமிழ்நாடு, இன்னொரு பக்கம் கர்நாடகா. சந்தைக்குப் போனால் மூன்று மொழியும் காதில் விழும். குழந்தையைத் தூங்க வைக்கிற துணிக்குத் தமிழில் தூளி, தெலுங்கில் உய்யாலா, கன்னடத்தில் தொட்டிலு. பெயர்தான் மூன்று, சாமான் ஒன்றுதான்: ஒரு பழைய சேலை, ஒரு உத்தரம், ஒரு முடிச்சு.

இப்போது நாம் இருக்கும் ஊர்களில் பிள்ளைகள் கேம்பிங் போக ஹேமக் கேட்கிறார்கள். நடுவில் படுக்கை, சுற்றிலும் கொசுவலை, மேலே மழைக்குக் கூரை, எல்லாவற்றையும் சுருட்டினால் ஒரு பைக்குள் அடங்கிவிடும். விலையைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே தைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. தைக்க உட்காருவதற்கு முன் அதன் கதையையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். அதில் இருக்கிற ஒவ்வொன்றும் யாரோ பட்ட அவஸ்தையில் இருந்து வந்தது.

ஹேமக் என்ற சொல்லே கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தாய்னோ மக்களுடையது. 1492-ல் அங்கே போய் இறங்கிய கொலம்பஸ், அவர்களுடைய பருத்தி வலைப் படுக்கைகளைப் பற்றிக் குறிப்பு எழுதினார். ஈர மண்ணும் பூச்சியும் இருக்கிற இடத்தில் தரையை விட்டு மேலே தூங்குவதுதானே புத்திசாலித்தனம்! ஐரோப்பியக் கப்பல்கள் அதைப் பிடித்துக்கொண்டன. கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தொங்குகிற படுக்கையில் இருப்பவன் உருண்டு விழமாட்டான். பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஒரு மாலுமியின் ஹேமக்குக்கு ஒதுக்கிய அகலம் 14 அங்குலம். அவன் கடலில் இறந்துபோனால் அதே துணியில் வைத்துத் தைத்துக் கடலில் இறக்கிவிடுவார்கள்.

கூரையும் கொசுவலையும் சேர்ந்த வகை இரண்டாம் உலகப் போரில் பரவலானது. மழையும் மலேரியாவும் உள்ள காடுகளில் சண்டை போட வேண்டியிருந்த அமெரிக்க ராணுவம், 1942-ல் ரப்பர் பூசிய கூரை, தைத்த வலை, ஜிப் எல்லாம் வைத்து ஜங்கிள் ஹேமக் ஒன்றைக் கொண்டுவந்தது. பிற்பாடு மெல்லிய நைலான் வந்து எடையைக் குறைத்தது. இன்றைக்குக் கடையில் தொங்குவது அதன் பேரப்பிள்ளைதான்.

நம் கதை வேறு. தூளியில் சேலை இரண்டு பக்கமும் மூடிக்கொள்வதால் வெயில், ஈ, காற்று மூன்றுக்கும் அதுவே மறைப்பு. களத்து மேட்டு மரக்கிளையிலும் அது தொங்கும், வீடு கட்டுகிற இடத்துச் சாரத்திலும் தொங்கும். வேலைக்குப் போகிற தாய்க்கு அதுதான் குழந்தைகள் காப்பகம். மலேசியா, சிங்கப்பூரில் ஸ்ப்ரிங்கில் சாரம் மாட்டிய தொட்டிலைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதே குடும்பம்.

அந்தத் துணியை ஒரு மூங்கிலில் கட்டி இரண்டு பேர் தோளில் வைத்தால் டோலி. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் காயம்பட்டவர்களைத் தூக்கவே டோலிக்காரர்கள் இருந்தார்கள். அது பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். ஆந்திராவின் வடகோடி மலைக் கிராமங்களில் பிரசவ வலி எடுத்த பெண்களை டோலி கட்டித் தூக்கி வரும் செய்தி ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தது. 2025 ஏப்ரலில் மாநில அரசு 'அடவி தல்லி பாட்ட' என்ற பெயரில் அந்த மலைகளுக்குச் சாலை போடும் திட்டத்தைத் தொடங்கியதே இந்த நிலையை மாற்றத்தான். நமக்கு வாரக்கடைசிப் பொழுதுபோக்கு, அங்கே ஆம்புலன்ஸ்.

சரி, தைக்கப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. (வங்கிக்காரன் கணக்கு சொல்லாமல் விடுவேனா!) 6 கிலோ குழந்தை தூளியில் இருந்தால் நேராகத் தொங்குகிற ஒவ்வொரு பக்கமும் 3 கிலோதான் தாங்குகிறது. அதனால்தான் பழைய சேலை போதுமானதாக இருக்கிறது. இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டும்போது கதை மாறுகிறது. கயிறு கிடைமட்டத்தில் இருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால் 70 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு கயிறும் 70 கிலோ தாங்க வேண்டும். 'விறைப்பாக இருக்கட்டும்' என்று 10 டிகிரிக்கு இழுத்துக் கட்டினால் அதே ஆளுக்கு ஒவ்வொரு கயிற்றிலும் சுமார் 200 கிலோ! கயிறு அறுவதும் முடிச்சு நழுவுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தொய்வாகக் கட்டுங்கள்.

துணி, கிழிசல் பரவாத ரிப்ஸ்டாப் நைலான், சுமார் 3.3 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம். இரண்டு முனையையும் பாவாடை நாடாவுக்கு மடிப்பதுபோல் மடித்துத் தைத்து, கயிறு கோத்துச் சுருக்க வேண்டும். அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே சுமார் 2.75 மீட்டரில் ஒரு மெல்லிய கயிறு கட்டினால் எங்கே கட்டினாலும் தொய்வு ஒரே அளவாக இருக்கும். கொசுவலையை ஒரு ஓரத்தில் தைத்து, மறு ஓரத்தில் ஜிப் வையுங்கள். கூரைத் துணி அதற்கு மேலே தனிக் கயிற்றில் இருக்கட்டும். மரத்தில் கயிறு வேண்டாம், அகலமான பட்டை நாடா போடுங்கள், பட்டை காயப்படாது. படுக்கும்போது குறுக்காகப் படுத்தால் முதுகு வளையாது. குளிர் கீழே இருந்துதான் ஏறும், ஒரு பாய் அவசியம். முதல் தடவை முழங்கால் உயரத்தில் கட்டிச் சோதியுங்கள். சின்னப் பிள்ளைகளைத் துணித் தொட்டிலிலோ ஹேமக்கிலோ தனியாக ஆட விடாதீர்கள். கழுத்தில் சுற்றி உயிர் போன செய்திகள் நம்மூரில் அடிக்கடி வருகின்றன.

ஊருக்குப் போகும்போது இதைத் தூக்கிக்கொண்டு குப்பம் பக்கத்துக் காட்டுக்குள் மட்டும் போய்விட வேண்டாம். கௌண்டின்யா சரணாலயத்து யானைகளுக்கு இரண்டு மரங்களுக்கு நடுவே என்ன தொங்குகிறது என்று பார்த்து நடக்கும் வழக்கம் கிடையாது. :-)

பிள்ளைகள் தைக்கும்போது கூடவே உட்கார்ந்து தூளியையும் டோலியையும் பற்றிச் சொல்லுங்கள். அவர்களில் பலரின் பாட்டியும் தாத்தாவும் தூங்கி வளர்ந்தது அதில்தான்.