வீட்டுத் தொட்டியில் கடல்நீர்

கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ வாழ்பவர்களுக்குக் கடல்நீர் விலை கொடுத்து வாங்கும் பொருளன்று. வாளியோடு சிறிது தூரம் நடந்தால் வேண்டிய மட்டும் மொண்டு வரலாம். ஆயினும் கண்ணாடித் தொட்டியில் கடல்மீனும் முருகை உயிர்களும் வளர்க்க விரும்பும் மாணவர் கேட்கும் முதற் கேள்வி இதுதான்: கடையில் விற்கும் உப்புத்தூளை வாங்கிக் கரைக்க வேண்டுமா, வாசலிலுள்ள கடலை மொண்டு ஊற்றினாற் போதாதா? இக்கேள்விக்கு ஏறக்குறைய 180 ஆண்டு வரலாறு உண்டு.

1846ஆம் ஆண்டு அன்னா தின் என்னும் ஆங்கில மாது டோர்க்கே என்ற கடற்கரை ஊருக்குச் சென்றிருந்தார். அங்கு கண்ட முருகை உயிர்கள் சிலவற்றை இலண்டனிலிருந்த தம் இல்லத்துக்குக் கொண்டு வந்தார். இலண்டனோ கடற்கரை நகரன்று; அங்கு கடல்நீர் தருவிப்பது பெருஞ்செலவு. எனவே இருக்கும் நீரையே கெடாது காக்க ஒரு வழி கண்டார். திறந்த சாளரத்தின் அருகே, ஒரு கலத்திலிருந்து மறு கலத்துக்கு நீரை மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். நாம் தேநீரை ஆற்றுவது போலத்தான். இவ்வாறு காற்றிலுள்ள ஒட்சிசன் நீரிற் கலந்தது. இந்த ஓயாத வேலையைச் செய்தவள் வீட்டுப் பணிப்பெண். விலங்கியல் வரலாற்றில் அவளுக்கும் ஓரிடம் தரல் தகும் என்பது என் கருத்து. பின்னர் கடற்பாசிகளையும் இட்டு, அவ்வுயிர்களை ஏறத்தாழ மூன்றாண்டு காலம் அம்மையார் வளர்த்தார்.

1853இல் இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன்மனை திறக்கப்பட்டதும் இவ்வாசை பலரையும் பற்றிக்கொண்டது. கடலுக்கு எட்டத்தில் வாழ்ந்தோர் கடல்நீரைத் தாமே செய்ய முயன்றனர். பிலிப் ஹென்றி கோஸ் என்ற இயற்கை நூலறிஞர், சோற்றுப்பு முதலிய நான்கு உப்புகளை நன்னீரிற் கரைக்கும் முறையை 1854இல் வெளியிட்டார். சலஞ்சர் கப்பல் உலகக் கடல்களிலிருந்து கொணர்ந்த 77 மாதிரி நீரை ஆராய்ந்த வில்லியம் டிட்மார், 1884இல் ஓர் உண்மையை உறுதி செய்தார். உப்பின் மொத்த அளவு இடத்துக்கிடம் கூடினாலும் குறைந்தாலும், அதிலுள்ள சோடியம், மகனீசியம், கல்சியம் முதலான பெருங்கூறுகள் தமக்குள் கொண்டுள்ள விகிதம் பெரும்பாலும் மாறுவதில்லை என்பதே அது. கலவை உப்பு விற்போருக்கு இதைவிட நற்செய்தி ஏது? பின்னாளில் அமெரிக்காவில் அத்தகைய உப்பு வணிகப் பொருளாயிற்று.

இயற்கைக் கடல்நீரைக் கையாண்டவருள் வில்லியம் அல்போர்ட் லொயிட் குறிப்பிடத்தக்கவர். 1871இல் இலண்டனில் திறக்கப்பட்ட பளிங்கு மாளிகை மீன்காட்சியகத்தில், காட்சித் தொட்டிகளினும் பன்மடங்கு பெரிய நிலவறைத் தாங்கியொன்றை இருளில் அமைத்து, அதனூடாக நீரைச் சுற்றியோட விட்டார். இருளின் பயன் யாதெனில், கடல்நீர் வெறும் உப்புக்கரைசலன்று. ஒவ்வொரு வாளியிலும் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்கள் எண்ணிறந்தன உள. கலத்தில் அடைபட்டதும் அவை மடிந்து அழுகும். வெளிச்சம் பட்டாலோ பாசி பச்சையாகப் படரும். இருளிற் சில வாரம் வைத்துத் தெளியவிட்டால் நீர் நிலைபெறும்.

நம் பக்கத்துக்கு வருவோம். 1909இல் சென்னைக் கடற்கரையில், எட்கர் தேர்ஸ்டன் என்பாரின் முயற்சியால் ஒரு மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. எனினும் வீட்டுத் தொட்டியின் வரலாற்றில் தலையாய பெயர் யகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பாருடையது. அவர் தம் முறையை 1961இல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் வெளியிட்டார். கடலிலிருந்து எடுத்த நீர், உயிர்கள் குடியிருக்கும் முருகைக்கல், வெயில், மெல்லிய காற்றுக் குமிழிகள் ஆகியவையே அவர் கருவிகள். மீன் கழிவிலிருந்து பிறக்கும் அமோனியா நஞ்சினை அக்கல்லில் வாழும் பற்றீரியாக்கள் படிப்படியாக நைத்திரேற்றாக மாற்றுகின்றன. கல்லின் உட்குழிகளில், ஒட்சிசன் அற்ற இடத்தில், அந்த நைத்திரேற்றும் நைதரசன் வாயுவாகி வெளியேறுகிறது. கடலருகே வாழ்ந்த ஒருவர் கடலையே வேலைக்கு அமர்த்திக்கொண்டார் எனலாம்.

அப்படியாயின் கல்முனைக் கடலையும் அவ்வாறு அமர்த்தலாமே எனின், எந்த மாதத்துக் கடலை என்று நான் திருப்பிக் கேட்பேன். திறந்த சமுத்திரத்தில் ஒரு கிலோகிராம் நீருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. வங்காள விரிகுடாவோ கங்கை, பிரமபுத்திரா, கோதாவரி முதலிய பேராறுகளை உள்வாங்குவது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில், உவர்ப்புக் குறைந்த அந்நீரை ஒரு நீரோட்டம் இந்தியக் கிழக்குக் கரை வழியே தெற்கு நோக்கி நம் கரைவரை கொண்டு வருகிறது. அதே நாட்களில் நம் வானமும் பொத்துக்கொள்ளும். பட்டிப்பளை ஆற்று வெள்ளம் களியோடை முதலான வழிகளால் கடலைச் சேரும். மட்டக்களப்பு வாவியின் தென்முனை நம்மூரை அடுத்திருக்க, அதன் வாய்களுள் ஒன்று வடக்கே பெரியகல்லாற்றில் திறக்கிறது. மார்கழியில் நம் கரையில் மொள்ளும் நீரில் கங்கையும் பட்டிப்பளையும் ஒருங்கே இருத்தல் கூடும்.

உப்புக் குறைந்ததொன்றே குறையாயின் டிட்மாரின் விதி நம்மைக் காக்கும். சிறிது கலவை உப்பைச் சேர்த்து அளவை நேராக்கிவிடலாம். ஆனால் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்துக்குப் பின் மேட்டுப் புறத்தில் நெல்வயல் பெருகியது. வயலுக்கு இடும் யூரியாவும் பூச்சிநஞ்சும் வெள்ளத்தோடு இறங்குகின்றன. ஊர் வடிகாலும் உடன் சேர்கிறது. இவற்றை உப்புமானி காட்டாது. மானியில் நல்லதெனக் கண்ட நீரிலே முருகை உயிர் ஒரு வாரத்தில் மடிந்தால் அதற்குக் காரணம் தேடிக் கடலைச் சபிப்பதிற் பயனில்லை.

ஆகவே கடல் அடங்கிக் கிடக்கும் பங்குனி முதல் ஆவணி வரையான காலமே நீர் எடுக்க ஏற்றது. அப்போதும் முகத்துவாரங்களையும் மீன் கழுவும் துறைகளையும் விலக்கி, கரையைவிட்டு அப்பாற் செல்லும் தோணிக்காரர் கையில் சுத்தமான கலன்களைக் கொடுத்து எடுப்பித்தல் நன்று. துணியில் வடிகட்டி, மூடி, இருட்டறையில் வைக்க வேண்டும். தொட்டியில் நீர் வற்றும்போது மீண்டும் கடல்நீரை ஊற்றுவோர் பலர். உப்பளத்தில் வேலை செய்வோரைக் கேட்டால், ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு அங்கேயே தங்கும் என்பார்கள். வற்றியதை நிரப்ப நன்னீரே வேண்டும்.

லீயின் உயிர்க்கல்லை மட்டும் நாம் பின்பற்ற வழியில்லை. 1998ஆம் ஆண்டின் கடல் வெப்பத்தால் இலங்கையின் பல முருகைப் பார்கள் வெளிறி மாண்டன. எஞ்சியவற்றை உடைத்தெடுப்பதைச் சட்டம் தடுக்கிறது, அது நியாயமே. நுண்துளையுள்ள வேறு கல்லையோ சுட்ட மண்ணோட்டையோ தொட்டியில் இட்டாலும் அதே பற்றீரியாக்கள் வந்து குடியேறும். அவை பெருக ஒரு மாதத்துக்கு மேலும் செல்லலாம்; அதுவரை தொட்டியில் மீனையோ முருகை உயிரையோ இட வேண்டாம்.