நாக்குப்பூச்சிக்கு யார் சோறு போடுவது?

மண்புழுக்களைப் பற்றிய தன் கடைசிப் புத்தகத்தை டார்வின் 1881இல் வெளியிட்டார். பத்தே வருஷத்தில், 1891இல், திருவனந்தபுரத்துத் தத்துவப் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை தன் ‘மனோன்மணீயம்’ நாடகத்தில் நடராசனை ஒரு நாங்கூழ்ப் புழுவோடு பேசவைத்தார். மண்ணைத் தின்று பக்குவப்படுத்தி உழவனுக்குக் கொடுத்துவிட்டு ஒளிந்துகொள்ளும் உழைப்பாளி அது.

டார்வினின் புத்தகத்தில் நீலகிரிப் புழுக்களின் எச்சமும் உண்டு. ஜார்ஜ் கிங் சேகரித்துக் கொடுத்தது. ஆனால் டார்வின் உட்கார்ந்து கணக்குப் போட்டது பெரும்பாலும் இங்கிலாந்தின் ஈரப் புல்வெளிகளில். விழுப்புரத்துக்கு மேற்கே, கெடார் பக்கத்து மானாவாரிக் கொல்லையில் கதையே வேறு. இங்கே நாக்குப்பூச்சிக்கு வருஷத்தில் வேலைநாளே கொஞ்சம்தான்.

தென்னிந்திய நிலங்களில் சாதாரணமாகத் தென்படும் லாம்பிடோ மாரிட்டியை எடுத்துக்கொள்வோம். ஐப்பசி மழைக்கு மேலே வரும். மக்கிய இலையையும் சாணியையும் மண்ணோடு சேர்த்து விழுங்கிக் குட்டிக்குட்டி உருண்டைகளாகக் கழிக்கும். ஈரம் கீழே இறங்கினால் அதுவும் கூடவே இறங்கி அடங்கிவிடும். கழித்த எச்சம் புதிதாக இருக்கும்போது அதில் நுண்ணுயிர்கள் பெருகி, மக்கு வேகமாகச் சிதையும். பயிருக்குத் தழைச்சத்து கிடைக்கும். அதே எச்சம் காய்ந்து இறுகினால், உள்ளே சிக்கிய கரிமம் நுண்ணுயிருக்கு எட்டாமல் கொஞ்ச காலம் தங்கும். ஆக, புழு மக்கைச் செலவும் செய்யும், சேமிக்கவும் செய்யும். உண்டாக்குவது மட்டும் அதனால் ஆகாது.

அதைப் போடவேண்டியது மனுஷர். இந்தியாவைச் சுற்றிப் பார்த்த வேளாண் வேதியியலர் வோல்க்கர் தன் 1893 அறிக்கையில், உழவர்கள் சாணியை எரிப்பது தெரியாமல் அல்ல, விறகு கிடைக்காமல்தான் என்று எழுதினார். (வெள்ளைக்காரர் அறிக்கைகளில் இப்படி ஒரு வரி அபூர்வம்.) அதே காலத்தில் தென்னார்க்காட்டில் மல்லாட்டை பரவியது. செடியை வேரோடு பிடுங்குகிற பயிர். கொட்டை புதுச்சேரி வழியாகப் பிரான்சுக்குக் கப்பலேறியது, கொடி மாட்டுக்குப் போனது. கொல்லைக்கு மிச்சம் உதிர்ந்த இலை.

பிறகு மண்புழு உரக் காலம் வந்தது. தொட்டிகளில் பெருகியது பெரும்பாலும் ஆப்பிரிக்க யூட்ரிலஸ். நல்ல சாப்பாட்டு ராமன்தான். ஆனால் நிழல், ஈரம், குப்பை மூன்றும் கேட்கிற புழு. சித்திரை வெயிலில் கொல்லையில் நிற்காது. சென்னை நியூ கல்லூரியின் சுல்தான் அகமது இஸ்மாயில் உள்ளூர்ப் புழுக்களான லாம்பிடோவையும் பெரியோனிக்ஸையும் வைத்தே வேலை செய்தார். அவர் பக்கம்தான் நியாயம் என்று எனக்குப் படுகிறது.

ஆனாலும் எந்தப் புழு என்பது பாதிக் கேள்விதான். கொடி மாட்டுக்கு, சாணி தொட்டிக்கு, தொட்டி உரம் மூட்டை கட்டி டவுன் மாடித்தோட்டத்துக்கு என்று போய்விட்டால், ஐப்பசியில் மேலே வரும் லாம்பிடோவுக்குக் கொல்லையில் கிடைப்பது அறுந்துபோன வேர்த்துணுக்குதான்.