மலைநாட்டில் ஒரு வளைபலகைக் கிட்டார்

வயலினைப்போல் மேற்பலகை குவிந்து, ஆங்கில 'எஃப்' எழுத்து வடிவில் இரு துளைகள் கொண்ட கிட்டாரைக் கண்டால், "இது ஜாஸ் இசைக்குரியது" என்பார்கள். முழு உண்மையன்று. அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் 1922-இல் வெளியிட்ட 'எல்-5' கிட்டார், முதலில் மாண்டலின் குழுக்களைக் கருதியே செய்யப்பட்டது.

வர்ஜீனியா மலைநாட்டைச் சேர்ந்த மேபெல் கார்ட்டர், 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் நகரில் தம் குடும்பத்தாருடன் முதல் இசைத்தட்டுகளைப் பதிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 18. வருவாய் வரத் தொடங்கியதும் அவர் வாங்கியது, 1928-இல் செய்யப்பட்ட ஓர் எல்-5. விலை 275 டாலர். மலைக்குடும்பத்துக்கு அது சிறு தொகையா?

கிட்டார் பெரும்பாலும் பக்கவாத்தியமாகவே இருந்த காலம் அது. மேபெலோ கட்டைவிரலால் தடித்த தந்திகளில் மெட்டை வாசித்தார்; இடையிடையே மற்ற விரலால் மெல்லிய தந்திகளை வருடித் தாளமும் காட்டினார். இருவர் வாசிப்பதுபோல் கேட்கும்!

இதற்குக் கருவியும் கைகொடுத்தது. சாதாரணக் கிட்டாரில் பலகையோடு ஒட்டிய குதிரையிலேயே தந்திகள் முடிகின்றன. வளைபலகைக் கிட்டாரில் அவை குதிரையைக் கடந்து கருவியின் அடிமுனையில் மாட்டப்படுகின்றன. தந்திகளின் அழுத்தத்தால்தான் குதிரை நிற்கிறது. மீட்டியதும் ஒலி பளிச்சென்று எழுந்து விரைவில் அடங்குகிறது. ஆகவே, ஒரு சுரம் அடுத்ததன்மேல் படிந்து குழப்புவதில்லை. ஜாஸ் குழுவின் தாளத்துக்கு உதவிய அதே குணம், மேபெலின் மெட்டுக்கும் உதவிற்று.

1954-இல் மெம்பிஸ் நகரில் எல்விஸ் பிரஸ்லியுடன் ஸ்காட்டி மூர் வாசித்ததும் வளைபலகைக் கிட்டாரே. ஆனால் மின்சார வகை. மேபெல் 1978-இல் காலமானார். அவருடைய எல்-5 கிட்டார் நாஷ்வில் நகர இசை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.