பால் சங்கத்து வாசலில் ஒரு மாதம்

வரலாற்றை மன்னர்களின் ஆட்சியாண்டுகளைக் கொண்டும் போர்களைக் கொண்டும் அளக்கப் பழகியவர்கள் நாம். ஒரே ஒரு மாதத்து நிகழ்ச்சி நிரலைக் கையில் எடுத்துக்கொண்டு வரலாற்றைப் படிக்க முடியுமா என்ற கேள்வி எங்கள் நண்பர் குழுவில் ஒரு மாலை எழுந்தது. முடியும் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. அதற்கு 1975ஆம் ஆண்டின் ஆகஸ்டு மாதத்தைக் காட்டிலும் பொருத்தமான மாதம் இந்திய ஒலி, ஒளிபரப்பு வரலாற்றில் இல்லை.

அம்மாதம் 1ஆம் தேதி, ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் செல்லத் தொடங்கின. 9ஆம் தேதி கல்கத்தாவிலும், 15ஆம் தேதி சென்னையிலும் தொலைக்காட்சி நிலையங்கள் திறக்கப்பட்டன. அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஜூலையில், குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பீஜ் என்ற சிற்றூரில் ஒரு கிலோவாட் ஆற்றல் கொண்ட டிரான்ஸ்மிட்டர் ஒன்று ஓசையின்றி இயங்கத் தொடங்கியிருந்தது. சென்னையின் தொடக்கம் நம் நினைவில் இருக்கிறது. பீஜின் பெயரையோ நம்மில் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை. ஆயினும் அவ்விரு ஊர்களுக்கும் இடையே பத்தாண்டுகள் கழித்து ஒரு தொடர்பு ஏற்பட்டது. அத்தொடர்பே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

சற்றே பின்னோக்கிச் செல்வோம். ஊருக்கென்று ஓர் ஒலிபரப்பு என்னும் எண்ணம் இந்நாட்டில் தொலைக்காட்சியோடு பிறந்ததன்று. 1956ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பத்து வாரங்கள், பூனாவைச் சுற்றியுள்ள ஐந்து மாவட்டங்களின் ஏறத்தாழ 150 கிராமங்களில் அகில இந்திய வானொலி ஒரு சோதனை நடத்தியது. கிராமத்துக்கு இருபது பேர் கொண்ட குழு. வாரத்துக்கு இரு நாள், அரை மணி நேர நிகழ்ச்சி. கேட்டு முடித்ததும் குழுவினர் கலைந்துவிடமாட்டார்கள். கேட்டதைப் பற்றிப் பேசுவார்கள், ஐயங்களை எழுதி நிலையத்துக்கு அனுப்புவார்கள். அவற்றுக்கான விடைகள் பிறகு வானொலியிலேயே வரும். அன்றைய வானொலித் தலைமை இயக்குநர் ஜெ. சி. மாத்தூர் இதில் பெரும் ஆர்வம் காட்டினார். டாடா சமூக அறிவியல் நிறுவனம் இதன் பயனை ஆய்ந்தது. வானொலிப் பெட்டிக்குக் காதும் உண்டு என்பதை இந்தியக் கிராமம் முதன்முதலில் விரிவாக உணர்ந்தது அப்போதுதான் எனலாம்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. 1960களின் பிற்பகுதியில் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் ஏ.டி.டி. 27 என்ற ஆடுதுறை நெல்லைத் தஞ்சை விவசாயிகளிடம் கொண்டு சேர்த்தன. விவசாயிகள் அந்த நெல்லுக்கு இட்ட பெயர் ‘ரேடியோ நெல்’. ஆராய்ச்சி நிலையத்தின் பெயரும் எண்ணும் மறைந்து, செய்தியைக் கொண்டுவந்த பெட்டியின் பெயரே விதைக்கு நிலைத்துவிட்டது. ஓர் ஊர் தன் வானொலியை எவ்வளவு நம்பியது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

*

இனி 1975க்கு வருவோம். இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை விக்ரம் சாராபாய், செயற்கைக்கோளை வல்லரசுகளின் விளையாட்டுப் பொருளாகக் கருதவில்லை. சாலையும் மின்சாரமும் சரியாக எட்டாத கிராமத்துக்கு ஆசிரியரையும் வேளாண் வல்லுநரையும் கொண்டுசெல்லும் குறுக்குவழியாகவே அதைக் கண்டார். 1969இல் அமெரிக்காவின் நாசாவுடன் இந்திய அணுசக்தித் துறை உடன்படிக்கை செய்துகொண்டது. திட்டம் நிறைவேறுவதைக் காண அவர் இல்லை; 1971 டிசம்பரில் மறைந்தார். அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையத்துக்குத் தலைமை ஏற்ற யஷ் பாலும், திட்ட மேலாளராகப் பொறுப்பேற்ற ஈ. வி. சிட்னிஸும் அதை முன்னெடுத்தனர்.

ஏ.டி.எஸ். 6 என்ற அந்தச் செயற்கைக்கோள் 1974 மே மாதம் ஏவப்பட்டது. ஓராண்டுக் காலம் அமெரிக்காவின் தொலைதூர மலைப்பகுதிகளுக்கும் அலாஸ்காவுக்கும் கல்வி, மருத்துவ நிகழ்ச்சிகளை அளித்த பின், அது கிழக்கே நகர்த்தப்பட்டு ஆப்பிரிக்காவுக்கு மேலே நிறுத்தப்பட்டது. விண்ணில் குடைபோல் விரியும் ஒன்பது மீட்டர் அலைவாங்கியை அது சுமந்திருந்தது. அதன் வலுவான அலைகளைப் பிடிக்கக் கிராமத்தில் கம்பிவலையால் ஆன மூன்று மீட்டர் அகலக் கிண்ணம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் ஒளிபரப்பு. காலையில் பள்ளிச் சிறுவர்களுக்கு ஒன்றரை மணி, மாலையில் பெரியவர்களுக்கு இரண்டரை மணி. காலை நேரத்தை இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் ஆகிய நான்கு மொழிகளும் பகிர்ந்துகொண்டன. மொழிக்கு இருபத்திரண்டரை நிமிடம். மாலையில் அந்தந்த மொழி நிகழ்ச்சிகளோடு, எல்லோருக்கும் பொதுவான அரை மணி நேர நிகழ்ச்சி டெல்லியிலிருந்து வந்தது. டெல்லி, ஐதராபாத், கட்டாக் ஆகிய மூன்று மையங்கள் நிகழ்ச்சிகளைத் தயாரித்தன. அவ்வாண்டு அக்டோபரிலும், மறு ஆண்டின் கோடையிலும், தொலைக்காட்சியையும் வானொலியையும் இணைத்து ஆயிரக்கணக்கான தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சி அளிக்கப்பட்டது. இரு முறையும் சேர்த்துப் பயிற்சி பெற்றோர் ஏறத்தாழ 48,000 பேர்.

எண்ணிக்கைகள் வியப்பளிக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மாத நிரலை இலக்கிய வாசகர்களாகிய நாம் ஒரு பிரதியைப் படிப்பதுபோலப் படித்தால் வேறொன்றும் தெரிகிறது. இந்தி பேசுவதாகக் கணக்கிடப்பட்ட பீகார், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசக் கிராமங்களின் வீட்டுமொழிகள் வேறு. மைதிலியும் மார்வாரியும் சத்தீஸ்கரியும் பேசும் பாட்டிக்கு டெல்லியின் தூய இந்தி, பிற மாநிலத்தாருக்குப் போலவே பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் இருந்தது. மேலும் அந்த மாதம் வெறும் ஆகஸ்டு மாதமன்று. ஜூன் 25ஆம் நாள் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, நாளிதழ்கள் தணிக்கைக்கு உட்பட்டிருந்த மாதம். அத்தகைய வேளையில் தலைநகரின் குரல் விண்வழியாக நேரே சாவடிக்கு வந்து இறங்கியது. கேட்டவர் பதில் சொல்ல வழியில்லை. பூனாவின் குழுக்கள் அனுப்பிய வினாத்தாளுக்கு இங்கே இடமிருக்கவில்லை.

*

பீஜ் வேறுபட்டது இந்த இடத்தில்தான்.

கேடா மாவட்டம் கூடிச் செயல்படுவதைத் தொலைக்காட்சியிடம் கற்க வேண்டிய நிலையில் இருக்கவில்லை. 1918இல் காந்தியும் வல்லபபாய் படேலும் வரிகொடா இயக்கம் நடத்திய மண் அது. 1946இல் ஆனந்தில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் தோன்றியது. பின்னாளில் அமுல் என உலகறிந்தது அதுவே. ஊர்தோறும் பால் சங்கம், காலையும் மாலையும் பாத்திரத்தோடு வரிசையில் நிற்கும் ஆண்களும் பெண்களும், அங்கேயே கொழுப்புச் சோதனை, அங்கேயே கணக்கு. பால் ஊற்ற எப்படியும் கூடும் அந்த இடத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியை வைத்தால் என்ன? நானூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகள், பெரும்பாலும் பால் சங்க வளாகங்களிலேயே, அவ்வாறு வைக்கப்பட்டன. டெல்லியின் பொது நிகழ்ச்சி அங்கும் வந்தது. அத்தோடு அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் அம்மாவட்டத்துக்கென்றே தயாரான நிகழ்ச்சிகளும் வந்தன.

அவை பேசிய மொழி ஏட்டுக் குஜராத்தி அன்று; அப்பகுதியின் சரோத்தரி வழக்கு. தயாரிப்பாளர்கள் கையடக்க வீடியோக் கருவிகளோடு ஊர்களுக்குச் சென்றனர். ஊராரே நடித்தனர், கதை சொன்னார்கள், குறைகளை எடுத்துரைத்தனர். சமூகவியலாளர்கள் முதலில் ஊருக்குச் சென்று எது தேவை என்று கேட்டுவந்த பின்பே நிகழ்ச்சி எழுதப்பட்டது. ஒளிபரப்பான பின்பும் சென்று எது விளங்கவில்லை என்று கேட்டனர். ‘சதுர் மோட்டா’ என்ற தொடர் பெரிதும் விரும்பிப் பார்க்கப்பட்டது. ஊர்ப் பெரியவர் ஒருவரை மையமாகக் கொண்டு வரதட்சிணை, விதவை மறுமணம் போன்றவற்றை அது பேசியது. மாட்டுத் தீவனம், புகையிலைப் பயிர் ஆகியவற்றோடு நில்லாமல், கூலி, தீண்டாமை, பெண்ணின் நிலை என்று அந்நிலையம் கைவைத்த இடங்கள் பல.

இவ்விடத்தில் நாம் அளவுகடந்து மகிழ்ந்துவிடலாகாது. பால் சங்க வாசல் பொது இடம்தான். ஆனால் இந்தியக் கிராமத்தில் பொது இடம் எல்லோருக்கும் ஒரே அளவில் பொதுவாக இருந்ததில்லை. எருமை வைத்திருப்பவனுக்கு அந்த வாசல் தன் வாசல். கூலிக்குச் செல்பவனுக்கு அது பிறர் வாசல். முன்வரிசையில் யார் அமர்ந்தார், விளிம்பில் யார் நின்றார் என்பது திரையில் ஓடிய கதையை விடவும் பழைய கதை. ஆயினும் கூலியைப் பற்றிய நிகழ்ச்சியைக் கூலியாளும் நிலமுடையோரும் ஒரே திரையில், ஒரே மாலையில் பார்க்க நேர்ந்தது சிறிய செய்தியன்று. பிறகு வீடு திரும்பும் வழியில் அவர்கள் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறோம். அந்தப் பேச்சுதான் அந்நிலையத்தின் உண்மையான நிகழ்ச்சி.

*

செயற்கைக்கோள் சோதனை 1976 ஜூலை 31ஆம் நாளோடு நிறைவுற்றது. ஓராண்டுக்கென இரவல் வாங்கிய கோள் திரும்பிச் சென்றது. அதை நம்பியிருந்த கிராமங்கள் பலவற்றில் மீன்வலை போன்ற அந்தக் கிண்ணம் மட்டும் எஞ்சியது. பீஜ் தொடர்ந்தது. தன் கோபுரம் தன் ஊரிலேயே இருந்ததால் தொடர்ந்தது. 1984இல் ஊரகத் தகவல் தொடர்புக்கான யுனெஸ்கோ விருது கேடா திட்டத்துக்கு வழங்கப்பட்டது.

ஆனால் அதற்குள் நாட்டில் தொலைக்காட்சியின் பொருளே மாறிவிட்டிருந்தது. 1976 ஏப்ரலில் தூர்தர்ஷன் வானொலியிலிருந்து பிரிந்தது. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே விளம்பரங்கள் நுழைந்திருந்தன. 1982இல் வண்ணம் வந்தது. 1984இல் ‘ஹம் லோக்’ தொடர் வந்தது, டெல்லியில் இரண்டாம் அலைவரிசையும் வந்தது. பார்வையாளர் நுகர்வோராக மாறிய காலம் அது. பெருநகரங்களுக்கு ஓர் அலைவரிசை போதவில்லை.

1985இல், சென்னையில் இரண்டாம் அலைவரிசை தொடங்குவதற்காகப் பீஜின் டிரான்ஸ்மிட்டரை இடம் மாற்றுவதென முடிவெடுக்கப்பட்டது. அகமதாபாத்தின் ஆற்றல் மிக்க நிலையம் கேடாவையும் எட்டும், ஆகவே பீஜ் தேவையில்லை என்ற வாதம் ஏட்டளவில் சரியே. கேடாவின் மக்கள் அதை ஏற்கவில்லை, எதிர்ப்புத் தெரிவித்தனர். தங்களுக்குப் படம் தெரியாமற்போகும் என்பதற்காக அவர்கள் எதிர்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். படம் தெரியும். தாங்கள் தெரியமாட்டோம் என்பதே அவர்கள் வருத்தம். எதிர்ப்பினால் அந்த நிலையத்தைக் காப்பாற்ற இயலவில்லை.

இக்கட்டுரையை எழுதும் நாங்கள் சென்னையின் இரண்டாம் அலைவரிசையைப் பார்த்து மகிழ்ந்த தலைமுறையினர். மாடியில் ஏறி அலைவாங்கியைத் திருப்பித் திருப்பி அந்தக் கூடுதல் அலைவரிசையைப் பிடித்த நாள்களில், அதற்காக வேறோர் ஊரின் கோபுரத்தின்மீது கண் வைக்கப்பட்ட செய்தி எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்போம்? ஒன்றும் செய்திருக்கமாட்டோம் என்பதே நேர்மையான விடை. நகரத்துக்கு வரும் நீர் எந்த ஏரியிலிருந்து வருகிறது என்று குழாயைத் திறப்பவன் கேட்பதில்லை.

இன்று கைப்பேசியில் ஒவ்வொருவரும் ஒரு நிலையம் நடத்துகின்றனர். சமுதாய வானொலிகளும் பல ஊர்களில் இயங்குகின்றன. பீஜின் தேவை முடிந்துவிட்டது என்று சொல்வோர் உண்டு. தனித்தனியே பேசுவதும் ஓர் ஊர் கூடிப் பார்த்துப் பேசுவதும் ஒன்றல்ல என்பது எங்கள் எண்ணம். பூனாவின் வினாத்தாளும் தஞ்சையின் ரேடியோ நெல்லும் கேடாவின் சரோத்தரிப் பேச்சும் கற்பிப்பது ஒன்றே: ஒலிபரப்பு ஊருக்குச் சொந்தமாவது, கோபுரம் ஊரில் இருப்பதால் மட்டுமன்று, ஊரின் குரல் அதில் ஏறுவதால். ஆனால் கோபுரத்தை எடுத்துச் செல்லும் உரிமை வேறெங்கோ இருக்கும்வரை, அந்தக் குரலுக்கும் ஆயுள் அவ்வளவுதான்.

1975 ஆகஸ்டின் நிகழ்ச்சி நிரலை மூடிவைக்கும்போது, 15ஆம் தேதிக் கட்டத்தில் நம் நகரத்தின் பெயர் பெருமையோடு நிற்கிறது. பக்கத்தில் பீஜ் என்று சிறிதாகவேனும் எழுதிவைப்போம். நமக்கு அது கடன்.