மிச்சமிருந்த முப்பது நிமிடம்

எட்டாம் வகுப்பு படிக்கும்போது, 1991இல், நான் ஒரு சேம் சைடு கோல் போட்டேன். கார்னரிலிருந்து வந்த பந்தை வெளியே தட்டிவிடப் பார்த்தேன், அது முழங்காலில் பட்டு எங்க கோல்கீப்பரைத் தாண்டி உள்ளே போய்விட்டது. கோட்டுக்கு வெளியே நின்ற பி.டி. சார் கைதட்டி என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை, அடிக்கவில்லை. "போய் உட்காருடா" என்றார், அவ்வளவுதான். அதற்கப்புறம் பள்ளி முடியும்வரை அவர் என்னை எந்த ஆட்டத்திலும் இறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் ஊருக்குப் போனால் டீக்கடையில் ஒருத்தன் "என்ன சேம் சைடு, எப்ப வந்த?" என்றுதான் விசாரிப்பான்.

போன வருஷம் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் யூடியூப்பைத் தோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு பழைய நியூஸ்ரீல் துண்டு கண்ணில் பட்டது. கறுப்பு வெள்ளை. ஒருவன் பந்தை இடுக்கிக்கொண்டு உயிரைக் கொடுத்து ஓடுகிறான். பின்னால் இன்னொருவன் துரத்துகிறான். துரத்துகிறவன் எதிரணி இல்லை, இவனோட அணிதான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஓடுகிறவன் பெயர் ராய் ரீகல்ஸ். நாள் 1929 ஜனவரி 1. இடம் கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரிலுள்ள ரோஸ் பௌல் மைதானம். அவன் ஓடியது தப்பான திசையில்.

அப்போது அவனுக்கு இருபது வயசு. அதனால் அவன் என்றே எழுதுகிறேன். வயசான பிறகு அவர் என்று மாற்றிக்கொள்ளலாம்.

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம்ம கால்பந்து இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அதுக்கு மேல தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மைதானம் நூறு யார்டு நீளம். முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. அதற்குப் பிறகு ஒரு உதை உதைக்கலாம், சரியாகப் போனால் இன்னொரு புள்ளி. பந்தோடு சொந்த எல்லைக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் எதிரணிக்கு 2 புள்ளி. இதற்கு சேஃப்டி என்று பெயர், யாருக்கு என்ன பாதுகாப்போ தெரியவில்லை. முன்னேற வழியில்லாதபோது பந்தை ஓங்கி உதைத்துத் தூரத்தில் எதிரணியிடமே கொடுத்துவிடுவது பன்ட். இந்தக் கதைக்கு இது போதும்.

பௌல் என்றால் கிண்ணம். பாசடீனாக்காரர்கள் 1890லிருந்து புத்தாண்டு அன்று பூ அலங்கார ஊர்வலம் நடத்திவந்தார்கள். வெறும் ஊர்வலத்துக்குக் கூட்டம் போதவில்லையென்று 1902இல் ஒரு ஃபுட்பால் ஆட்டத்தையும் சேர்த்தார்கள். அதில் மிச்சிகன் 49-0 என்று ஸ்டான்ஃபோர்டைப் போட்டு நசுக்கியதில், ஸ்டான்ஃபோர்டு பையன்கள் நேரம் முடிவதற்கு முன்பே போதும் சாமி என்று கையைத் தூக்கிவிட்டார்கள். விழாக்குழுவுக்கு வெறுத்துப்போய்விட்டது. 1916 வரைக்கும் ஃபுட்பால் பக்கமே போகவில்லை, நடுவில் சில வருஷம் ரோமாபுரி பாணியில் ரதப் பந்தயம்கூட விட்டார்கள். எனக்கு இந்த ஊரைப் பிடித்துப்போனது இந்தத் தகவலால்தான். பிறகு ஃபுட்பால் திரும்பி வந்து, 1922இல் மைதானமும் கட்டி, ரோஸ் பௌல் என்று பெயரும் வைத்தார்கள். ஆரஞ்சு பௌல், சுகர் பௌல் எல்லாம் 1935இல்தான் வருகின்றன. ஆக, 1929இல் கல்லூரிப் பருவத்தின் கடைசியில் வரும் பெரிய ஆட்டம் என்றால் இது ஒன்றுதான். மைதானத்தில் அறுபதாயிரம் பேருக்கு மேல். வர முடியாதவர்கள் ரேடியோவுக்குப் பக்கத்தில்.

ஒரு பக்கம் அட்லாண்டாவிலிருந்து வந்த ஜார்ஜியா டெக், அந்தப் பருவம் முழுக்கத் தோற்காத அணி. இன்னொரு பக்கம் பெர்க்லியிலிருந்து கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். ரீகல்ஸ் கலிஃபோர்னியாவின் சென்டர். சென்டர் என்பவன் குனிந்து பந்தைக் காலிடுக்கு வழியாகப் பின்னால் கொடுத்துவிட்டு, எதிரில் வருகிறவனை மறித்துத் தள்ளுபவன். பந்தோடு ஓடுகிற பாக்கியம் அவனுக்கு ஏறக்குறைய வாய்ப்பதே இல்லை. பேப்பரில் படம் வருவது ஓடுகிறவனுக்குத்தான். அந்தக் காலத்தில் தாக்குதலுக்கும் தடுப்புக்கும் தனித்தனி ஆட்கள் கிடையாது, அதே பதினோரு பேர்தான் இரண்டையும் ஆடவேண்டும். அதனால்தான் டெக் அணியின் ஸ்டம்பி தாமசன் பந்தோடு வந்தபோது ரீகல்ஸ் தடுப்பு வரிசையில் நின்றான்.

இரண்டாவது கால் பகுதி. இதுவரை யாரும் புள்ளி எடுக்கவில்லை. தாமசனின் கையிலிருந்து பந்து நழுவியது. ரீகல்ஸ் அதை அள்ளினான். டெக்கின் எல்லைக்கோடு அங்கிருந்து முப்பது, முப்பத்தைந்து யார்டு. வாழ்க்கையில் முதல்முறையாகக் கையில் பந்து, முன்னால் டச்டவுன். அந்தப் பக்கமாகத்தான் திரும்ப ஆரம்பித்தான். யாரோ இடித்தார்கள். ஒருத்தனிடமிருந்து தப்பிக்கச் சுழன்றான். சுழன்றதில் திசை போய்விட்டது. பிற்காலத்தில் அவரே சொன்ன விளக்கம் இவ்வளவுதான். கண்ணாமூச்சி விளையாட்டில் கண்ணைக் கட்டி மூணு சுற்று சுற்றிவிட்டால் நம்ம வீட்டுத் திண்ணையே எந்தப் பக்கம் என்று தெரியாமல் போகுமே, அது.

அப்புறம் அந்த ஓட்டம். சுமார் 65 யார்டு. எதிரில் யாரும் இல்லை, இருக்கவும் மாட்டார்கள். கூட்டம் கத்துகிறது, தன்னைப் பார்த்து ஆரவாரம் செய்கிறார்கள் என்று அவன் நினைத்துக்கொள்கிறான். டெக்கின் பயிற்சியாளர் பில் அலெக்சாண்டர், துள்ளியெழுந்த தன் பையன்களை உட்காரச் சொன்னார் என்றும், அவன் தப்பாத்தான் ஓடுகிறான், வைக்கிற ஒவ்வொரு அடியும் நமக்கு லாபம் என்றாராம் என்றும் ஒரு கதை உண்டு. அவரைக் குறை சொல்லமுடியாது, ஆட்டம் அப்படி.

துரத்தியவன் பென்னி லாம், கலிஃபோர்னியாவின் வேக ஓட்டக்காரன். நில்லு, திரும்பு என்று கத்திக்கொண்டே போகிறான். இவன் பந்தைக் கேட்கிறான் என்று நினைத்த ரீகல்ஸ், இது என் டச்டவுன், தள்ளிப் போ என்று விரட்டியிருக்கிறான். எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை. எத்தனை வருஷம் குனிந்து குனிந்து மற்றவர்களுக்குப் பந்து கொடுத்தவன்! கடைசியில் சொந்த எல்லைக்கு மூன்று யார்டு இருக்கும்போது லாம் அவனைப் பிடித்து நிறுத்தினான். திருப்பி ஓடவைப்பதற்குள் டெக் ஆட்கள் அலையாக வந்து விழுந்து இருவரையும் ஒரு யார்டு கோடு வரைக்கும் தள்ளிவிட்டார்கள்.

சொந்த எல்லைக்கு அவ்வளவு பக்கத்தில் வேறெதுவும் முயலப் பயந்து கலிஃபோர்னியா உடனே பன்ட் அடிக்க முடிவுசெய்தது. உதைத்தது லாம். டெக்கின் வான்ஸ் மரீ அதைத் தடுத்துவிட்டான். சேஃப்டி. டெக் 2, கலிஃபோர்னியா 0. பயிற்சியாளர் நிப்ஸ் பிரைஸ், ரீகல்ஸை வெளியே எடுத்து உட்காரவைத்தார்.

இதைப் படித்தபோது எனக்கு எங்க பி.டி. சார் ஞாபகம் வந்தது. அதுவரை இரண்டு பேரும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறார்கள்.

இடைவேளை. உடை மாற்றும் அறையில் ரீகல்ஸ் தோளில் போர்வையைப் போட்டுக்கொண்டு, ஒரு மூலையில் முகத்தைக் கைகளில் புதைத்து அழுதான். பிரைஸ் வழக்கமாக இடைவேளையில் நிறையப் பேசுகிறவராம். அன்றைக்கு அவரிடம் வார்த்தை இல்லை. நேரமாகிவிட்டது என்று குரல் வந்ததும் ஒன்றே ஒன்று சொன்னார்: முதல் பாதியைத் தொடங்கிய அதே ஆட்கள்தான் இரண்டாம் பாதியையும் தொடங்குவார்கள். எல்லாரும் எழுந்து போனார்கள். ரீகல்ஸ் அசையவில்லை. பிரைஸ் மறுபடி கூப்பிட்டார். என்னால் முடியாது, உங்களையும் கெடுத்தேன், என்னையும் கெடுத்துக்கொண்டேன், பல்கலைக்கழகத்தையும் கெடுத்தேன், அந்தக் கூட்டத்தின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றான். எழுந்து போ ராய், பாதி ஆட்டம்தான் முடிந்திருக்கிறது என்றார் பிரைஸ்.

இந்தக் காட்சி அமெரிக்காவில் மேடைப் பேச்சாளர்களின் வாயில் எத்தனையோ முறை அரைபட்டிருக்கிறது. நானும் அதை அரைக்க விரும்பவில்லை. ஒன்றை மட்டும் கவனித்தேன். பிரைஸ் சொன்னதில் ஆறுதல் எதுவும் கிடையாது. உன் மேல் தப்பில்லை என்று சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கணக்குச் சொன்னார். தலா பதினைந்து நிமிடமாக இரண்டு கால் பகுதி மிச்சம், முப்பது நிமிடம்.

அந்த முப்பது நிமிடத்தை ரீகல்ஸ் ஆடினான். ஆடிய விதத்தைப் பார்த்து எதிரணியே அசந்துபோனதாகச் சொல்வார்கள். டெக் அடித்த ஒரு பன்ட்டைத் தடுத்தான். நான் பார்த்த படத்துண்டில் இது எதுவும் இல்லை. ஓட்டம் முடிந்ததும் படமும் முடிந்துவிடுகிறது.

மூன்றாவது கால் பகுதியில் தாமசன் ஒரு டச்டவுன் போட்டான், கூடுதல் உதை தவறியது, 8-0. கடைசியில் லாம் வீசிய பந்தை இர்வ் பிலிப்ஸ் பிடித்து டச்டவுன், கூடுதல் புள்ளியும் கிடைத்தது. 8-7. கலிஃபோர்னியா தோற்றது ஒரே ஒரு புள்ளியில்.

உடனே எல்லாரும் கணக்குப் போட்டார்கள்: அந்த 2 புள்ளி இல்லாவிட்டால் 7-6, கலிஃபோர்னியா ஜெயித்திருக்கும். எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கையில்லை. லாம் பிடித்து நிறுத்தியபோது பந்து கலிஃபோர்னியாவிடம்தான் இருந்தது. பன்ட் அடிக்கலாம் என்பது ஒரு முடிவு, அதைத் தடுக்க விட்டது இன்னொரு தவறு. அதற்குப் பிறகு பாதி ஆட்டத்துக்கும் மேலே நடந்திருக்கிறது. ஆனால் தோல்விக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது, கிடைத்துவிட்டது. என்னைக் கேட்டால் அன்றைய ஆட்டத்தின் நாயகன் லாம். ஓடிப் பிடித்ததும் அவன், தடுக்கப்பட்ட உதையும் அவனுடையது, டச்டவுனுக்குப் பந்து வீசியதும் அவன். லாமை இன்றைக்கு யாருக்குத் தெரியும்?

மறுநாளிலிருந்து கடிதங்கள் குவிந்தன. தலைகீழ் கேக் விளம்பரத்துக்கு வருகிறாயா என்று கேட்டார்கள். கோடுகள் எதிர்த்திசையில் ஓடும் கழுத்துப்பட்டைக்குப் பெயர் தருகிறாயா என்றார்கள். கல்யாண வரன்கூட வந்ததாம். 'தப்புத் திசை ரீகல்ஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நம்ம ஊர் டீக்கடை அங்கே நாடு அளவுக்குப் பெரிசு.

தோற்ற கல்லூரி அணியைப் பற்றி எழுதுகிறவர்கள் எப்போதும் ஒரு வரியை வைத்திருப்பார்கள்: பசங்க சின்னவங்க, அடுத்த வருஷம் பாருங்க. இறுதியாண்டுக்காரர்கள் போய்விடுவார்கள், மற்றவர்கள் இருப்பார்கள், அதனால் நம்பிக்கை. ரீகல்ஸுக்கு அந்த நம்பிக்கையின் அளவு துல்லியமாக ஒரு பருவம். மூன்றாம் ஆண்டு முடிந்துகொண்டிருந்தது, ஒரே ஒரு ஆண்டு பாக்கி. 1929 பருவத்தில் கலிஃபோர்னியாவின் கேப்டனாகக் களமிறங்கியவன் அவன்தான். ஏழு வெற்றி, ஒரு சமன், ஒரு தோல்வி. ஆல்-அமெரிக்கன் பட்டியல்களிலும் அவன் பெயர் வந்தது. தென் கலிஃபோர்னியாவை 15-7 என்று ஜெயித்தார்கள். ஆனால் பரம எதிரி ஸ்டான்ஃபோர்டிடம் தோற்றார்கள். 1930 புத்தாண்டில் ரோஸ் பௌலுக்குப் போனது இவர்களிடம் தோற்ற தென் கலிஃபோர்னியா. போய் பிட்ஸ்பர்கை 47-14 என்று வென்றுவிட்டு வந்தது. சினிமாவாக இருந்தால் ரீகல்ஸ் அதே மைதானத்துக்குத் திரும்பிப் போய்ச் சரியான திசையில் ஓடியிருப்பான். அப்படி எதுவும் நடக்கவில்லை.

இனி அவர். இரண்டாம் உலகப்போரில் விமானப்படையில் இருந்தார். பயிற்சியாளராக இருந்தார், வேளாண் ரசாயனத் தொழில் செய்தார். 1993 மார்ச்சில் 84 வயதில் இறந்தபோது நியூயார்க் டைம்ஸ் இரங்கல் குறிப்பின் தலைப்பிலேயே தப்பான திசை இருந்தது.

அடுத்த ஆண்டு, 1994 ஜூன் 22, அதே ரோஸ் பௌல் மைதானத்தில் உலகக்கோப்பை கால்பந்து, நம்ம கால்பந்து. அமெரிக்காவும் கொலம்பியாவும் ஆடின. குறுக்கே வந்த பந்தைத் தடுக்கச் சறுக்கிய கொலம்பியாவின் ஆந்த்ரேஸ் எஸ்கோபார் அதைத் தன் கோலுக்குள்ளேயே தள்ளிவிட்டார். 2-1 என்று தோற்று கொலம்பியா வெளியேறியது. ஊருக்குத் திரும்பிய எஸ்கோபார், வாழ்க்கை இத்தோடு முடிந்துவிடவில்லை என்று பத்திரிகையில் எழுதினார். ஜூலை 2 அன்று மெடலின் நகரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 27. இந்த இரண்டு ஆட்டமும் ஒரே புல்வெளியில் நடந்தவை என்று தெரிந்த ராத்திரி நான் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

ரீகல்ஸுக்குக் கிழவராக வாய்த்தது. 1964இல் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் ஜிம் மார்ஷல், தொழில்முறை ஆட்டம் ஒன்றில் அச்சு அசலாக அதையே செய்தார்: 66 யார்டு, தப்பான திசை. சங்கத்துக்கு நல்வரவு என்று ரீகல்ஸிடமிருந்து அவருக்குக் கடிதம் போனது. 1971இல் ஜார்ஜியா டெக்கின் பழைய ஆட்டக்காரர்கள் ரீகல்ஸை அழைத்துத் தங்கள் சங்கத்தில் கௌரவ உறுப்பினராக்கினார்கள். இதற்கு நான் முழுத் தகுதி உள்ளவன்தான் என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

1950களில் எழுதிய கடிதம் ஒன்றும் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளிப் பையன் பந்தைப் பிடித்துத் தப்பான பக்கம் ஓடிவிட்டான். செய்தியைப் பார்த்து, முன்பின் தெரியாத அந்தப் பையனுக்கு ரீகல்ஸ் எழுதினார். என் ஓட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன், கேட்டுக் கேட்டு அலுத்தும் போயிருக்கிறது, ஆனால் உலகத்திலேயே பெரிய விஷயம் ஒன்றும் இல்லை அது; நானும் உன்னை மாதிரி வருத்தப்பட்டேன், உனக்கும் சரியாகிவிடும் என்று எழுதியிருக்கிறார்.

1991இல் அவரை ரோஸ் பௌல் புகழரங்கில் சேர்த்தார்கள். எங்க பள்ளி மைதானத்தில் நான் வேலியோரம் போய் உட்கார்ந்த வருஷம் அது. அவர் அப்போது உயிரோடுதான் இருந்திருக்கிறார்.